அரிஸ்தி வீட்டுப் பிணவழி

போன வருஷம் பிப்ரவரி மாதம், மழை விட்டிருந்த ஒரு காலையில் கையில் ஒரு காகிதத்தோடு அரிஸ்தி வீட்டு முற்றத்தில் போய் நின்றேன். எங்கள் மேட்டில் இரண்டே வீடுகள்தான். கீழே என்னுடைய அல்தாபே. அரை மணி நேரம் மேலே ஏறினால் அரிஸ்தி. அதற்கும் மேலே காடும் ஆடும் மேகமும்தான்.

கிராஷியானா வேலிக்குக் கம்பு சீவிக்கொண்டிருந்தாள். அறுபத்தெட்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்தப் பெரிய வீட்டில் அவளும் அவள் வாயும் மட்டும்தான்.

“வாடா எலியாஸ். நீ மேடேறி வந்திருக்கேன்னா என்னைப் பார்க்க வரல. என்ன காரியம், சொல்லு.”

“கையெழுத்து ஒண்ணு வேணும் அக்கா.”

“யாரோட சொத்தை எழுதி வாங்கப் போற?”

விஷயத்தைச் சொன்னேன். மலை முகட்டிலிருந்து ஊர் வரை, கார் லாரி எதுவும் வராத சரளைப் பாதை ஒன்று போடப் போகிறார்கள். சைக்கிள்காரர்களுக்கு. மொத்தம் இருபத்திரண்டு கிலோமீட்டர். அதில் கடைசி நாலு கிலோமீட்டர் அரிஸ்தி வாசலில் தொடங்கி, என் வீட்டைத் தொட்டு, ஊர்த் தேவாலயத்தில் போய் முடியும். நான் மாட்டுத் தொழுவத்தை இடித்து விருந்தாளிகள் தங்க ஆறு அறை கட்டி வைத்திருந்தேன். பாதை வந்தால் ஆள் வரும். ஆள் வந்தால் என் மகள் லிதே வழிகாட்டி வேலை பார்த்துக்கொண்டு ஊரோடு இருப்பாள். வராவிட்டால் அவளும் எல்லாரையும் போல பில்பாவோ பட்டணத்துக்கு மூட்டை கட்டுவாள். எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். இதையும் மறைக்காமல் சொன்னேன்.

கிராஷியானா கத்தியைக் கீழே வைத்தாள்.

“அது வெறும் பாதை இல்லடா. என் வீட்டுப் பொணவழி.”

அது எனக்குத் தெரியாதா? எங்கள் பக்கம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிணவழி உண்டு. அந்த வீட்டில் யார் செத்தாலும் அந்த வழியாகத்தான் தேவாலயத்துக்குப் போக வேண்டும். வீட்டை விற்கலாம், நிலத்தை விற்கலாம், பிணவழியை விற்க முடியாது. சவப்பெட்டியின் முன்வலது மூலையைத் தூக்குவது முதல் அண்டை வீட்டின் முறை. மேட்டில் இரண்டே வீடு என்பதால் அவர்களுக்கு நாங்கள் முதல் அண்டை, எங்களுக்கு அவர்கள். என் மனைவி செத்தபோது தரையைக் கழுவி, உடலைக் குளிப்பாட்டி, மெழுகுவத்தியோடு முன்னால் நடந்து போனவள் இந்தக் கிராஷியானாதான். மூன்று நாள் என் அடுப்பை அணையவிடாமல் பார்த்துக்கொண்டவளும் அவள்தான்.

“கல்லைக் கொட்டிக்கோ,” என்றாள். “சைக்கிளை விட்டுக்கோ. லிதே ஊர்ல இருந்தா எனக்கும் நல்லதுதான். ஆனா நான் போனா இந்த வழியிலதான் போவேன். நாலு பேர் தோள்ல. முன்வலது மூலையில உன் வீட்டுத் தோள் இருக்கணும்.”

“சத்தியமா அக்கா.”

“சத்தியம் யாருக்குடா வேணும்? செய்.”

“செய்யலைன்னா?” என்று விளையாட்டாகக் கேட்டேன்.

அவள் காகிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னாள். “செய்ய வைப்பேன்.”

இரண்டு பேரும் சிரித்தோம். எனக்கு ஒரு கோப்பை ஆப்பிள் மதுவும் ஊற்றிக் கொடுத்தாள்.

அக்டோபரில், ஒரு வியாழக்கிழமை மதியம் அவள் செத்துப்போனாள்.

இரண்டு நாள் இழுத்துக்கொண்டு கிடந்தாள். நான் கூடவே இருந்தேன், அதில் குறை வைக்கவில்லை. பேச்சு நின்ற பிறகும் கண் மட்டும் என் வலது தோள்மேலேயே இருந்தது. தலையை ஆட்டினேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினாள். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சிக்கல் என்னவென்றால், சனிக்கிழமை பதினோரு மணிக்குப் பாதையின் திறப்பு விழா. நூற்று நாற்பது சைக்கிள்கள். பிரான்சிலிருந்துகூட வந்து என் வீட்டிலும் பக்கத்து ஊர்களிலும் தங்கியிருந்தார்கள். பங்குச் சாமியாருக்கோ ஐந்து ஊர். அதே சனிக்கிழமை பதினோரு மணியை விட்டால் அடுத்து செவ்வாய்தான் என்று சொல்லிவிட்டார்.

மார்செலோ என் வீட்டுக்கு வந்தான். ஊரில் ரொட்டி சுடுகிறவன். பெட்டி தூக்கும் நாலு பேரில் ஒருவன்.

“ஒரு மணி நேரம் சைக்கிளை நிறுத்து எலியாஸ். பெட்டி இறங்கினதும் விடு.”

“நூத்தி நாப்பது பேர்டா. முதல் நாளே முன்னால பொணம் போச்சுன்னா ஒருத்தன் திரும்பி வருவானா?”

“அப்ப செவ்வாய்க்கிழமை வச்சுக்கோ.”

வைத்திருக்கலாம். இன்றைக்கு யோசித்தால் எவ்வளவு சின்ன விஷயம். ஆனால் அன்று எனக்கு எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிட வேண்டும் என்ற அவசரம். செத்தவளுக்கு எந்த வழியில் போனால் என்ன, யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். மாட்ரிட்டில் இருக்கும் அவளுடைய தம்பி மகனும் போனில், “நீங்களே பார்த்துக்கங்க, எனக்கு லீவு இல்ல,” என்று சொல்லிவிட்டான். சவ வண்டிக்குச் சொன்னேன்.

“நீ செய்யறது சரியில்ல,” என்றான் மார்செலோ. அதோடு போய்விட்டான்.

வண்டி வீட்டின் பின்பக்கத்துத் தார்ச்சாலையில் இறங்கி, நெடுஞ்சாலை ஏறி, சுரங்கம் தாண்டி, பெட்ரோல் பங்க்கைச் சுற்றிக்கொண்டு பதினாலு கிலோமீட்டர் போய்த் தேவாலயத்தை அடைந்தது. அரிஸ்தி வீட்டில் பிறந்த யாரும் அப்படிப் போனதில்லை. நான் அந்த நேரத்தில் அவள் வாசலில் நின்று சைக்கிள்களுக்குக் கொடி அசைத்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் முதல் வாரத்தில் லிதே ஒரு சாயங்காலம் ஆறு பேர் கொண்ட குழுவைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். எல்லோரும் சேறும் சிரிப்புமாக இறங்கினார்கள். அவள் மட்டும் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, வலது தோளைத் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

“அப்பா, பின்சக்கரத்துல ஏதாவது உரசுதான்னு பாரு. அரிஸ்திக்குக் கீழ வண்டி நகரவே மாட்டேங்குது.”

“இறக்கம்தானே அது. கையை விட்டாலே ஓடுமே.”

“அதான் சொல்றேன். இறக்கத்துல நின்னுக்கிட்டு மிதிக்க வேண்டியிருக்கு. கூட வந்தவங்க எல்லாம் விர்ருன்னு போயிட்டாங்க. வழிகாட்டி கடைசியில வர்றா. என் மானமே போச்சு.”

சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். பூப்போலச் சுற்றியது.

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. ஜெர்மன்காரர் ஒருவர் அந்த நாலு கிலோமீட்டரைத்தான் தன் வாழ்நாளிலேயே நல்ல பாதை என்று விருந்தினர் நோட்டில் எழுதிவிட்டுப் போனார். லிதேவுக்கு மட்டும் அரிஸ்தி வாசலில் வண்டி கனக்கத் தொடங்கும். தேவாலயத்து மதில் வந்ததும் விட்டுவிடும்.

ஒரு வாரம் கழித்து அவள் சட்டையை விலக்கிக் காட்டினாள். வலது தோளில் நாலு விரல் அகலத்துக்குக் கருநீலமாகக் கன்றியிருந்தது. ஓரங்கள் நேர்க்கோடாக இருந்தன.

சவப்பெட்டியின் கீழ்க்கட்டையும் நாலு விரல் அகலம்.

“எங்கயாவது விழுந்தியா?”

“விழல. அப்பா, இன்னொண்ணு. பின்னாடி யாரோ நடந்து வர்ற சத்தம் கேக்குது. திரும்பினா யாரும் இல்ல. அரிஸ்தி வீட்டு விஷயத்துல நீ ஏதாவது செஞ்சியா?”

“நான் என்ன செஞ்சேன்? பேசாம படு.”

கிராஷியானாவுக்குக் கொடுத்த வாக்கு லிதேவுக்குத் தெரியாது. வண்டியில் கொண்டுபோகச் சொன்னதும் மாட்ரிட்டில் இருக்கும் தம்பி மகன்தான் என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். பொய் சொல்லிப் பழகிவிட்டால் அடுத்த பொய் தானாக வந்துவிடுகிறது.

ஆனால் மனசு கேட்கவில்லை. மறுநாள் லிதே தனியாக மேலே போயிருந்தாள், காற்றில் சாய்ந்த வழிகாட்டிப் பலகைகளை நிமிர்த்த. நாலு மணிக்கு நான் நொண்டிக்கொண்டே பாதி மேடு ஏறினேன். மரம் வெட்டும்போது இடது காலில் ரம்பம் பட்டு ஆறு வருஷம் ஆகிறது. வளைவு ஒன்றில் வேலிப்புதருக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன்.

மூடுபனி இறங்கியிருந்தது. அந்தப் பாதையில் ஒரு மோட்டார் சத்தம் கேட்காது, அதைச் சொல்லித்தான் நாங்கள் ஆள் பிடிக்கிறோம். அன்று அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. இலையிலிருந்து நீர் சொட்டுவதுகூடக் காதில் விழுந்தது. எங்கிருந்தோ வைக்கோல் கருகும் வாசனை வந்தது. கூடவே மெழுகு வாசனை.

முதலில் டயர் சத்தம். சரளைமேல் மெதுவாக, மிக மெதுவாக.

பனிக்குள்ளிருந்து லிதே வந்தாள். இறக்கத்தில் எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தாள். தலை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. வலது தோள் கீழே அழுந்தியிருந்தது. மூச்சு புஸ்புஸ்ஸென்று வாங்கியது.

அவள் பின்னால் யாரும் இல்லை.

ஆனால் காலடிச் சத்தம் இருந்தது.

சரக். சரக். சரக்.

ஓடுகிற கால்கள் இல்லை. எல்லாம் ஒரே நேரத்தில் விழுந்தன. பாரம் தூக்கிப் பழகியவர்கள் நடக்கிற நடை அது. நானும் பல முறை அப்படி நடந்திருக்கிறேன். கீழே பார்த்தேன். சரளைக்கற்கள் தானாக அமுங்கின. ஓர் அடிக்கு மூன்று இடம். பின்னால் இரண்டு, முன்னால் இடப்பக்கம் ஒன்று.

மூன்று பேர்.

நாலாவது ஆள் என் மகள்.

அவர்கள் என்னைக் கடந்தபோது, என் காதுக்கு ஒரு முழத் தூரத்தில், மூடிய பெட்டிக்குள்ளிருந்து பேசுவது மாதிரி ஒரு குரல் கேட்டது.

“தோள் மாத்து.”

கிராஷியானாவின் குரல்.

லிதே என்ன செய்கிறோம் என்று தெரியாமலே தலையை வலப்பக்கம் சாய்த்து, இடது தோளைக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் சமையலறையில் உட்கார்ந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்து, வாக்கு, சவ வண்டி, எதையும் விடவில்லை. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம்.

“அம்மா செத்தப்ப இந்தத் தரையை முழங்கால் போட்டுக் கழுவினது யாரு அப்பா?”

நான் அந்தத் தரையைப் பார்த்தேன்.

“அவங்களைப் போய் லாரிச் சரக்கு மாதிரி நெடுஞ்சாலையில ஏத்தி விட்டியா நீ?”

“உனக்காகத்தான்மா செஞ்சேன். நீ ஊரோட இருக்கணும்னுதான்.”

“என் பேரைச் சொல்லாத,” என்றாள். “எனக்காகன்னு சொல்லிச் செஞ்சதாலதான் என் தோள்ல வந்து உக்காந்திருக்காங்க.”

இனி அந்தப் பாதையில் போகாதே என்று சொன்னேன். அவள் மறுநாள் போகவில்லை. வீட்டிலேயே இருந்தாள். நாலு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தவள் திடீரென்று முன்னால் குனிந்தாள். தலை சாய்ந்தது. முக்கால் மணி நேரம் மூச்சு வாங்கிக்கொண்டு அப்படியே இருந்தாள். நான் பிடித்துத் தூக்கப் பார்த்தேன். என்னால் அவளை அசைக்க முடியவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு உயிர்ப்பயம் என்றால் என்னவென்று தெரிந்தது.

நேராக மார்செலோவின் ரொட்டிக்கடைக்குப் போனேன்.

“இப்பதான் வழி தெரிஞ்சுதா?” என்றான்.

“திட்டறதை அப்புறம் திட்டு. தோள் குடு.”

“அவ மண்ணுக்குள்ள இருக்கா. எதைத் தூக்கப் போற?”

“கோயில் பரண்ல பழைய பாடை இருக்கில்ல? அதுல அவ எப்பவும் போடற கறுப்புக் கோட்டை வச்சுத் தூக்குவோம். முறையாச் செய்வோம். அவளுக்கு வேண்டியது அதுதானே.”

மார்செலோ மாவுக் கையைத் துடைத்துக்கொண்டான். ஊரில் பெட்டி தூக்கும் ஆலை வீட்டு அண்ணன் தம்பி இருவரையும் கூட்டிக்கொண்டு வந்தான். அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அரிஸ்தி வாசலில் நாலு பேரும் பாடையைத் தோளில் ஏற்றினோம். முன்வலது மூலை என்னுடையது. பாடைமேல் ஒரு கோட்டு. அவ்வளவுதான்.

முதல் நூறு அடி ஒன்றும் தெரியவில்லை. ஆலை வீட்டுச் சின்னவன் கிண்டல்கூடப் பண்ணினான். “எலியாஸ் அண்ணே, ஒரு கோட்டைத் தூக்க நாலு ஆளா?”

“வாயை மூடிக்கிட்டு நட,” என்றான் மார்செலோ.

அடுத்த நூறு அடியில் மார்செலோவே கேட்டான். “இதுல என்னடா வச்சிருக்க?”

“கோட்டு மட்டும்தான்.”

“கோட்டு இப்படியா கனக்கும்?”

கனம் ஏறிக்கொண்டே போனது. கட்டை கிறீச்சிட்டது. என் நொண்டிக்கால் சரளையில் புதைந்தது. நாற்சந்தியில் பிண ஊர்வல முறைப்படி ஒரு கைப்பிடி வைக்கோலைக் கொளுத்தினோம். புகை எழும்பாமல் தரையோடு தரையாக எங்கள் பின்னால் ஊர்ந்து வந்தது. யாரும் பேசவில்லை. தோல் கிழிந்து என் சட்டை நனைந்தது. எனக்கு வலி சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லவில்லை. இந்த வலி என் மகள் தோளிலிருந்து என் தோளுக்கு வந்துவிட்டது என்று நம்பினேன்.

அல்தாபே வாசலை எட்டினோம். என் வீட்டுக் கதவுக்கு நேராக வந்தபோது பாடை சட்டென்று லேசானது. எவ்வளவு லேசு என்றால், ஆலை வீட்டுப் பெரியவன் நிலை தடுமாறிக் கீழே விழப் பார்த்தான்.

“ஏத்துக்கிட்டா,” என்றான் மார்செலோ. அவன் கண்ணில் தண்ணீர். “எலியாஸ், ஏத்துக்கிட்டாடா.”

மீதி வழியைக் கிட்டத்தட்ட ஓடியே கடந்தோம். சாமியார் ஜெபம் சொன்னார். கோட்டை அவள் கல்லறைமேல் விரித்தோம். நான் சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். அவள் எந்த இடத்தில் இறங்கினாள் என்று எங்கள் நாலு பேரில் ஒருவனுக்கும் உறைக்கவில்லை.

மார்செலோவோடு வீட்டுக்குத் திரும்பினேன். லிதே மாடியறையில் படுத்திருந்தாள். முகம் தெளிவாக இருந்தது. தோளைக் காட்டினாள். கன்றியிருந்த இடம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

“கனமே இல்லப்பா. காலையில இருந்து லேசா இருக்கு. கொஞ்சம் காய்ச்சல் மட்டும் அடிக்குது.” பிறகு, “கூரையில யாரை ஏத்தி விட்டே? இவ்வளவு நேரம் நடமாட்டம் கேட்டுச்சு,” என்றாள்.

மார்செலோ என்னைப் பார்த்தான். நான் மேலே பார்த்தேன். அவள் கட்டிலுக்கு நேர் மேலே, பலகைக்கு நடுவில், ஒரு சாண் அகலத்துக்கு வானம் தெரிந்தது.

எங்கள் பக்கம் ஒருவர் உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டு கிடந்தால், முதல் அண்டை வீட்டார் கூரையேறிப் படுக்கைக்கு மேலே உள்ள ஓடு ஒன்றை நீக்குவார்கள், உயிர் சிரமமில்லாமல் போகட்டும் என்று. கிராஷியானாவுக்கு நான் அதைச் செய்தேன். என் மனைவிக்கு அவள் செய்தாள்.

“உன் பொண்ணு சாகக் கிடக்கலயே,” என்றான் மார்செலோ மெதுவாக. “காய்ச்சல்தானே?”

நான் ஏணியைச் சாய்த்து ஏறினேன். நீக்கிய ஓடு உடையாமல் பக்கத்திலேயே பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது. வேலை தெரிந்த கை. எடுத்து மறுபடி பொருத்தினேன்.

“அக்கா,” என்றேன். “தப்பு என்னோடது. என்னை எடுத்துக்கோ. அவளை விட்டுடு.”

ஓட்டுக்கூரையில் எனக்குப் பின்னால் ஓர் அடி விழுந்தது.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

“நீ உன் முறையைச் செய்யல,” என்றது குரல். கோபமே இல்லாமல் சொன்னது. அதுதான் என்னை உலுக்கிவிட்டது. “நான் என் முறையைச் செய்வேன்.”

அன்றிலிருந்து தினமும் ஓர் ஓடு. நான் பொருத்துவேன், பகல் சாயும் முன் விலகியிருக்கும். ஆணி அடித்தேன். ஆணிகள் வரிசையாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. லிதே அறையை மாற்றினேன். புதிய அறையின் கட்டிலுக்கு மேலே ஓடு விலகியது. ஒவ்வொரு ஓட்டுக்கும் அவள் காய்ச்சல் ஒரு படி ஏறியது. எட்டாம் நாள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “மூச்சு மேல பக்கமா போகுதுப்பா,” என்றாள்.

கேட்டதும் அவளைப் போர்வையோடு சுருட்டி மார்செலோவின் வண்டியில் ஏற்றி, பில்பாவோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். சிமெண்டுக் கூரை, ஒன்பது மாடிக் கட்டடம். மூன்றே நாளில் காய்ச்சல் இறங்கியது. டாக்டர்களுக்குக் காரணம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

அவளை வீட்டுக்குக் கூட்டி வரவில்லை. அங்கேயே வீடு பார்த்தேன். ஓடு இல்லாத கூரை வேண்டும், மேல்மாடி வேண்டாம் என்று நான் கேட்டதைப் பார்த்து வீட்டுத் தரகன் எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பான். ஏழு மாடிக் கட்டடத்தில் நாலாவது மாடியில் ஒரு சின்ன வீடு கிடைத்தது. கட்டிலையும் பெட்டியையும் நானே தூக்கிக்கொண்டு போய் வைத்தேன்.

“எதுக்காக இத்தனையும் செஞ்சியோ, அது நடக்காமப் போச்சே அப்பா,” என்றாள் லிதே, வாசலில் நின்றுகொண்டு.

“நீ உயிரோட இரு. போதும்,” என்றேன்.

நிஜமாகவே அது போதும் என்று இருந்தேன். அல்தாபேயில் இப்போது நான் தனி. ஆறு அறையையும் பூட்டிவிட்டேன். ஓடு விலகுவது நின்றுவிட்டது. பாதையில் சைக்கிள்கள் போகின்றன, யாருக்கும் எதுவும் கனக்கவில்லை. அரிஸ்தியைப் போலவே என் வீடும் வாரிசு இல்லாமல் முடியும், அதுதான் அவள் எனக்குக் கொடுத்த தண்டனை, இத்தோடு விட்டாள் என்று நினைத்தேன். இந்தப் பிப்ரவரி வரை அப்படித்தான் நினைத்தேன்.

இன்று மத்தியானம் லிதே போன் செய்தாள். குரல் கம்மியிருந்தது.

“ஒண்ணுமில்லப்பா, லேசா காய்ச்சல். வேலைக்குப் போகல. நீ உடனே பயந்துடாத. இங்க பார்த்துக்க ஆள் இருக்கு.”

“யாரு?”

“பக்கத்து வீட்டுக்காரம்மான்னு நினைக்கிறேன், காய்ச்சல்ல எனக்கு ஒண்ணும் ஓடல. காலையில கதவைத் தட்டினாங்க. என்னால எழுந்திருக்க முடியல, படுத்துக்கிட்டே யாருன்னு கேட்டேன். முதல் அண்டைன்னு சொன்னாங்க. எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. பட்டணத்துல போய் இந்தப் பேச்சைக் கேப்பேன்னு நினைக்கல. நம்ம பக்கத்து ஆள் போலிருக்கு. பழகின குரல் மாதிரி இருந்துச்சு.”

“லிதே, கதவைத் திறந்தியா?”

“இல்லப்பா. திறக்க வேண்டாம், படுத்துக்கன்னு அவங்களே சொன்னாங்க. முடியாம கிடக்கற வீட்டுச் சாவி முதல் அண்டைகிட்ட இருக்கணுமாம். மெல்ல தவழ்ந்துபோய் கதவுக்குக் கீழ தள்ளிவிட்டுட்டேன்.”

போனைக் கீழே போட்டுவிட்டு மார்செலோவின் வண்டிக்கு ஓடினேன். அந்த வீட்டில் அவளைக் குடிவைத்தவன் நான். நாலாவது மாடியில் அவள் கதவைத் தவிர வேறு கதவு கிடையாது.